முகம் சுளித்தால் தங்க முத்திரை

குடிப்பதற்கென்று ஒரு பொருளைச் செய்துவிட்டு, அதைக் குடிக்கலாமா வேண்டாமா என்று கேட்க ஒரு மன்றமும் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த ஊரில் யாருக்கும் வேறு வேலை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மன்றத்தில் இருப்பவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. மன்றத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பாதி நாள் போய்விடும்: சிறு உற்பத்தியாளர் இயற்கைச் சிவப்பு ஒயின் தர மற்றும் மதிப்பு நிர்ணய மன்றம். கட்டிடத்தின் முகப்பில் இவ்வளவையும் பொறிக்க இடம் போதாமல், கடைசி இரண்டு சொற்களைப் பக்கத்துச் சுவரில் பொறித்திருந்தார்கள். பக்கத்துச் சுவர் சைக்கிள் கடைக்காரருடையது. பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் ‘நிர்ணய மன்றம்’ என்ற எழுத்தின் மேல்தான் சைக்கிளைச் சாய்த்து வைப்பார்கள்.

ரொட்டி வேன் ஓட்டுகிற நம்ம ஆள் அந்தக் கட்டிடத்தை எத்தனையோ வருஷமாகக் கடந்து போயிருக்கிறார். உள்ளே போக வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. கடைகளுக்கு ரொட்டி இறக்குவார், காலித் தட்டுகளை ஏற்றுவார், வீட்டுக்குப் போவார். அவரிடம் ஒரே ஒரு பலவீனம் உண்டு. மனசில் இருப்பது அப்படியே முகத்துக்கு வந்துவிடும். சீட்டாட்டத்தில் அவருக்கு நல்ல சீட்டு விழுந்தால் எதிரே இருப்பவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அவர் மனைவி சலவைக்கடை வைத்திருந்தாள். மன்றத்து நடுவர்களின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அவளிடம்தான் வரும். ஒயினை வாயில் வைத்துக் கொப்பளித்து வாளியில் துப்புவது அவர்கள் தொழில். துப்புவதில் எல்லோரும் ஒரே மாதிரி கெட்டிக்காரர்கள் இல்லை. அந்தச் சிவப்புக் கறையோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அவளுக்கு அந்தப் பொருள் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. “துணியையே இந்தப் பிடி பிடிக்குதுன்னா, வாய்க்குள்ள போனா எப்படி இருக்கும்?” என்று ஒருநாள் கேட்டாள்.

அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு. அதில் யாரும் சீந்தாத திராட்சைக் கொடிகள் தறிகெட்டுக் கிடந்தன. வீட்டின் சொந்தக்காரர் பழத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவள் பறித்தாள். தொட்டியில் போட்டாள். நம்ம ஆளை இறக்கி மிதிக்க விட்டாள். அதன் பிறகு கொஞ்ச காலத்துக்கு இவர் பாதம் ஊதா நிறத்தில் இருந்தது, ரொட்டி ஏற்றும் டிப்போவில் ஆளாளுக்கு நல்ல டாக்டர் பெயர் சொன்னார்கள். அவள் அதில் ஒரு மருந்தையும் சேர்க்கவில்லை, என்ன சேர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. இதற்குப் பெயர்தான் இயற்கை ஒயின் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள்.

கொட்டகையில் இரண்டு பீப்பாய் நிறைந்தது. முதல் கிளாஸை இருவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து குடித்தார்கள். கொஞ்சம் கலங்கலாக இருந்தது, அடியில் வண்டல் தங்கியது, நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்பு. அதற்குப் பிறகு பழம் வந்தது. பழம் என்றால், கொடியில் வெயில் பட்டுச் சூடாக இருக்கும்போது வாயில் போட்ட பழம். அவர் இன்னொரு மடக்கு குடித்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதைத் தெரியாத நாலு பேருக்குக் கொடுக்கணுங்க,” என்றாள்.

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். சலவைக்கடைக்கு வருகிறவர்கள் கறை போனால் கவனிக்கவே மாட்டார்கள், போகாவிட்டால் மட்டும் சட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது, தான் செய்த ஒன்று ஒருத்தர் முகத்தை மலர வைப்பதைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அதற்கு முத்திரை வேண்டும். மன்றத்தின் முத்திரை இல்லாமல் வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் ஒரு மடக்குகூடக் கொடுக்கக் கூடாது. அடுத்த அறுவடைக்குள் முத்திரை கிடைக்காவிட்டால் மொத்தத்தையும் அதிகாரி முன்னிலையில் கொட்டிவிட வேண்டும். சட்டம் அப்படி.

முதலில் ஓர் ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். உற்பத்தியாளர் இயற்கையின் வேலையில் கை வைத்திருக்கிறாரா என்று பார்ப்பது அவர் பொறுப்பு.

“திராட்சையை யார் பறிச்சது?”

“நான்தாங்க,” என்றாள் மனைவி.

“தலையீடு,” என்று எழுதிக்கொண்டார்.

“பறிக்காம எப்படி சார் ஒயின் செய்யறது?” என்று இவர் கேட்டார்.

“தங்க முத்திரை வாங்கின ஒருத்தர் இருக்கார். பறிக்கவே மாட்டார். கொடிக்குக் கீழ தொட்டியை வெச்சுட்டு, பழமா மனசு வந்து விழட்டும்னு காத்திருப்பார்.”

“விழுந்துதா?”

“இன்னும் காத்திருக்கார். அந்தக் காத்திருப்புக்குத்தான் முத்திரை.” ஆய்வாளர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். “சிறு உற்பத்தியாளர்னு சொல்றீங்க. ரெண்டு பீப்பாய் இருக்கே?”

“ரெண்டு அதிகமா சார்?”

“போன வாரம் ஒருத்தரைப் பார்த்தேன். மொத்தமே ஒரு பாட்டில். அதுவும் முக்கால்தான் இருந்தது. பார்த்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.”

அவர் ஏமாற்றத்தோடு வெளியே போகத் திரும்பினார். கொட்டகை வாசல் தாழ்வானது. நெற்றி நேராக நிலையில் போய் மோதியது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நின்றவர் முகத்தில் மெல்ல ஒரு திருப்தி வந்தது. “இவ்வளவு சின்ன வாசலா,” என்று சொல்லி, சிறுமைக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் இவர் ரொட்டி இறக்கிய கையோடு பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு மன்றத்துக்குப் போனார். ஒரு பெரிய அறை. நீள மேஜை, வெள்ளை விரிப்பு, மேஜையின் இரண்டு கோடியிலும் செம்பு வாளி. செயலாளர் அம்மா பாட்டில்களை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாம்பல் நிறக் காலுறையை மாட்டினார். எந்தப் பாட்டில் யாருடையது என்று தெரியாமல் ருசி பார்க்க வேண்டுமாம். மாட்டியதும் மற்ற பாட்டில்களோடு இவருடையதும் கலந்துபோயிற்று. இவர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“டாய்லெட் எந்தப் பக்கங்க?” என்று கேட்டார்.

மேஜையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

“கேட்டீங்களா?” என்றார் தலைவர். கழுத்தில் பட்டுத் துண்டு சுற்றிய மனிதர். மூக்குக்குத் தனியாக இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார். “அந்தக் கேள்வியில ஒரு பாவனை உண்டா? ஒரு அலங்காரம் உண்டா? இவர்தான்.”

மன்றத்தின் விதிப்படி மேஜையில் ஒரு சாதாரண மனிதர் உட்கார வேண்டும். அவர் இல்லாமல் ஒரு பாட்டிலைக்கூடத் திறக்கக் கூடாது. பழைய சாதாரண மனிதர் போன வாரம் ஒரு ஒயினைப் பற்றி ‘முடிவு நீளமா இருக்கு’ என்று நிபுணர்கள் பாஷையில் சொல்லிவிட்டாராம். அன்றைக்கே அவரை நிபுணராக்கி வேறு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். இவரை நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஒரு மரப் பலகையை வைத்தார் செயலாளர் அம்மா. ‘சாதாரண மனிதர்’ என்று அதில் எழுதியிருந்தது.

“சார், நான் ஒயின் கொடுக்க வந்தவன். எங்க பாட்டிலும் இதுல இருக்கு,” என்றார் இவர்.

“சாதாரண மனிதருக்குச் சொந்த விருப்பம் எதுவும் இருக்காது என்பது இந்த மன்றத்தோட அசைக்க முடியாத நம்பிக்கை,” என்றார் தலைவர். பேச்சு முடிந்துவிட்டது.

முதல் காலுறையிலிருந்து இவருக்கு ஊற்றினார்கள். செயலாளர் அம்மா எதிரே நாற்காலி போட்டு, கூர் சீவிய பென்சிலோடு இவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டார். கிளாஸை அவர் திரும்பியே பார்க்கவில்லை. இவர் குடித்தார். நன்றாகத்தான் இருந்தது. முகம் லேசாக மலர்ந்தது.

“மலர்ச்சி,” என்றார் செயலாளர் அம்மா.

“நிராகரிக்கப்பட்டது,” என்றார் தலைவர், காலுறையைக் கழற்றிப் பெயரைப் படித்துவிட்டு.

வெளியே பெஞ்சில் இருந்த உற்பத்தியாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். “இந்த வருஷம் பழம் கொஞ்சம் நல்லா அமைஞ்சுபோச்சுங்க. மன்னிச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

அடுத்த கிளாஸ் நாறியது. இவருக்கு வேனில் மழை ஒழுகி நனைந்த சாக்கு நினைவுக்கு வந்தது. முகம் சுருங்கி, ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

“ஆழமான சுளிப்பு. இடது கண் உட்பட,” என்றார் செயலாளர் அம்மா. மேஜை முழுக்க ஒரு பரபரப்பு. ஆளுக்கொரு கிளாஸ் வாங்கி முகர்ந்தார்கள். குதிரை லாயம் என்றார் ஒருவர். மழைக்கு முந்தைய நாள் குதிரை லாயம் என்று திருத்தினார் இன்னொருவர். தங்க முத்திரை விழுந்தது.

இவருக்குத் தலை சுற்றியது. “சார், நல்லா இருந்ததை வேண்டாம்னுட்டீங்க, நாறினதுக்குத் தங்கம் கொடுக்கறீங்களே?” என்று கேட்டேவிட்டார்.

தலைவர் அன்போடு சிரித்தார். “நல்லா இருக்கறதை யாரும் ரசிக்கலாம் தம்பி. உங்களுக்குப் பிடிக்கும், உங்க பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கும். அப்புறம் நாங்க எதுக்கு? இந்த மேஜை எதுக்கு? இந்தக் கட்டிடத்துக்கு மின்சாரம் எதுக்கு? சகிக்க முடியாததை ரசிக்கத்தான் பயிற்சி வேணும். பயிற்சி உள்ளவங்க நாங்க கொஞ்சம் பேர்தான் இருக்கோம். உங்களுக்கு எது பிடிக்கலையோ, அதுதான் எங்களுக்கு வேலை. நீங்க இல்லாம எங்களால ஒரு நாள்கூட இயங்க முடியாது.”

இவ்வளவு பெரிய மரியாதையை இவருக்கு யாரும் கொடுத்ததில்லை. வீட்டுக்குப் போய் அப்படியே மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு சட்டையின் கழுத்துப் பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

“அப்போ நம்ம ஒயின் வர்றப்ப?”

“நான் முகத்தைச் சுளிச்சா பாஸ். சிரிச்சா பீப்பாயோட சாக்கடைல.”

“என்னிக்கு வரும்?”

“யாருக்குத் தெரியும். எல்லாம் காலுறைக்குள்ள இருக்கு. நான் இந்த வேலையே வேண்டாம்னு எழுந்து வந்துடறேன்.”

“வந்துட்டா வேற ஒருத்தரை உட்கார வைப்பாங்க. அந்த ஆள் முகம் நம்ம கையில இல்லையே. உங்க முகமாவது வீட்டுல இருக்கு,” என்றாள் அவள். “எல்லாத்துக்கும் சுளிச்சிடுங்க. எது நம்மதுன்னு தெரியவே வேண்டாம்.”

பயிற்சி அன்றைக்கே ஆரம்பமாயிற்று. அவருக்குப் பிடித்ததையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து முன்னால் வைப்பாள். இவர் முகம் சுளிக்க வேண்டும். சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயைக் குடித்துச் சுளித்தார். அவள் முதுகு சொறிந்துவிட்டாள், சுளித்தார், ஆனால் பாதியில் கண் சொருகிவிட்டது. சுளிக்க ஏதாவது நினைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று.

“எங்க அண்ணன் போன் பண்ணி, ஒரு மாசம் வந்து தங்கறேன்னு சொன்னதா நினைச்சுக்கோங்க.”

இவர் முகம் உடனே கோணியது. அவள் கண்ணாடியை எடுத்துக் காட்டினாள்.

“உங்க அண்ணன்னு உனக்கு வருத்தம் இல்லையே?” என்று இவர் கேட்டார்.

“இருக்கு. முத்திரை வந்ததும் வருத்தப்பட்டுக்கறேன். இப்போ அவன் பெட்டியை இறக்கறான். பாட்டுப் பெட்டியையும் எடுத்துட்டு வந்திருக்கான்.”

முகம் இன்னும் அழகாகக் கோணியது. நாளாக ஆக அது அவருக்குப் பழகியே போயிற்று. டிப்போவில் ரொட்டி ஏற்றும்போதும் அதே முகம். கடைக்காரர்கள் யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள், ஒரு கடைக்காரர் தான் போன மாதம் பாக்கெட் ரொட்டியைக் குறை சொன்னதற்காகத் தானாகவே மன்னிப்புக் கேட்டார்.

மன்றத்தில் அது பொற்காலம். இவர் எதைக் குடித்தாலும் சுளித்தார். எதைச் சுளித்தாலும் முத்திரை விழுந்தது. இவ்வளவு உயர்ந்த தரம் மன்றம் தொடங்கிய நாளிலிருந்து வந்ததில்லை என்று தலைவர் கூட்டம் போட்டுப் பேசினார். விலை அதிகாரிக்கு வேலை தலைக்கு மேல் போயிற்று. ஒல்லியான மனிதர், முத்திரை விழுந்த ஒவ்வொன்றுக்கும் மதிப்பு நிர்ணயிப்பவர். “மக்கள் வாங்கற விலைல வெச்சா மக்கள் வாங்கிடுவாங்க,” என்பது அவருடைய கொள்கை. “வாங்கினா குடிச்சிடுவாங்க. குடிச்சா தீர்ந்துடும். தீர்ந்துபோறதுக்கு என்ன மதிப்பு இருக்கு? ஒரு எளிய உற்பத்தியாளரோட எளிமையை நாம பாதுகாக்கணும்னா, அது எவனுக்கும் எட்டக் கூடாது.”

அப்படிப்பட்ட ஒருநாளில் செயலாளர் அம்மா ஊற்றிய கிளாஸ் ஒன்றை இவர் வாயில் வைத்தார். மச்சானை நினைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. முகம் தானாகத் திருகிக்கொண்டது, காது இரண்டும் பின்னால் போயின, நாற்காலியோடு இவர் ஒரு முழம் பின்னுக்கு நகர்ந்தார். செயலாளர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். தலைவர் இரண்டு கையாலும் கிளாஸை வாங்கினார்.

“பழத்தோட ஞாபகமே இல்ல,” என்றார் கரகரத்த குரலில். “கொடியோட ஞாபகமும் இல்ல. உற்பத்தியாளர் தன்னையே அழிச்சுக்கிட்டிருக்கார். இவ்வளவு நேர்மையா ஒரு ஒயின் நம்மோட பேசினதுண்டா?”

அதற்கு வைர முத்திரை என்று புதிதாக ஒன்றை அங்கேயே உண்டாக்கினார்கள். விலை அதிகாரி ஒரு தொகை எழுதினார். எழுதிவிட்டுத் தானே பார்த்துப் பயந்து, அதை இரட்டிப்பாக்கினார். அப்போது தரை துடைக்கிற அம்மா கதவருகே வந்து நின்றார்.

“சன்னல் துடைக்கிற வினிகர் பாட்டிலை இங்க வெச்சிருந்தேன். யாரோ அதுக்குச் சாக்ஸ் மாட்டிட்டாங்க போலிருக்கு.”

தலைவர் யோசித்தார். மற்ற நடுவர்கள் தலைவரைப் பார்த்தார்கள்.

“கவனிச்சீங்களா?” என்றார் தலைவர் கடைசியாக. “தான் ஒயின்னு சொல்லிக்கக்கூட அதுக்கு விருப்பமில்லை. இதைவிடக் குறைஞ்ச தலையீடு உண்டா?” கை தட்டினார்கள். முத்திரை முத்திரையாகவே இருந்தது. அதற்குப் பிறகு அந்த அறையின் சன்னல்கள் துடைக்கப்படவில்லை, அவ்வளவு விலைக்குக் கட்டுப்படியாகாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் இவர் வீட்டில் வந்து நடித்துக் காட்டுவார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பீப்பாய்களைத் தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அவற்றிடம் சொல்லிவிட்டுப் படுக்கப் போவாள். வினிகருக்கே வைரம் என்றால் நமக்குத் தங்கம் எங்கே போகும் என்று இருவரும் நிம்மதியாக இருந்தார்கள்.

அறுவடைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அந்தக் கிளாஸ் வந்தது. இவர் வழக்கம்போல மச்சானைப் பெட்டியோடு வாசலில் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டுதான் கிளாஸைத் தூக்கினார். உதட்டுக்குப் பக்கத்தில் வரும்போதே வாசனை தெரிந்துவிட்டது. நாக்கின் ஓரத்தில் அந்தப் புளிப்பு. பிறகு பழம். மச்சான் வாசலில் நின்றபடியே மறைந்துபோனார். தொட்டிக்குள் கால் வழுக்கி அவள் தோளைப் பிடித்தது நினைவுக்கு வந்தது. அவள் சிரித்த சிரிப்பில் இருவரும் சேர்ந்து சாறுக்குள் விழுந்ததும், தலைமுடியில் திராட்சைத் தோல் ஒட்டியபடியே அவள் எழுந்து நின்றதும் நினைவுக்கு வந்தன. கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை. அதை அவளிடம் சொன்னதும் இல்லை.

சுளிக்கப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார், நெற்றி கேட்டது, வாய் கேட்கவில்லை. வாயை இழுத்துப் பிடித்தார், கண் கைவிட்டது. கன்னத்தைப் பல்லால் கடித்துக்கொண்டார். மச்சானைக் கூப்பிட்டார், மச்சானின் மொத்தக் குடும்பத்தையும் கூப்பிட்டார், ஒருத்தரும் வரவில்லை. முகம் முழுக்க மலர்ந்து, கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று விலை அதிகாரி டாக்டருக்குப் போன் போடச் சொன்னார். செயலாளர் அம்மா பென்சிலை மறுபடி சீவிக்கொண்டு எழுதினார்.

“இல்ல சார், இது மோசம். ரொம்ப மோசம்,” என்றார் இவர், காதுவரை சிரித்துக்கொண்டே.

தலைவர் இரக்கத்தோடு பார்த்தார். “பேச்சை நாங்க எப்பவுமே கணக்குல எடுத்துக்கறதில்ல தம்பி,” என்றார். ஒயின் நிராகரிக்கப்பட்டது. இப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு இனி நடுநிலையாக இருக்க முடியாது என்று இவரையும் அனுப்பிவிட்டார்கள். பலகையைச் செயலாளர் அம்மா தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இவர் வேனை நத்தை மாதிரி ஓட்டினார். சலவைக்கடையில் அவள் தனியாக இருந்தாள்.

“போயிடுச்சும்மா. என் மூஞ்சியால போயிடுச்சு,” என்றார்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இரண்டு பீப்பாயும் சாக்கடையில் போவதைவிட அவள் பேசாமல் இருப்பது இவருக்குப் பயமாக இருந்தது.

“நம்மதுன்னு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டாள்.

“எப்படித் தெரியாம போகும்?”

“முகம் எப்படி ஆச்சு?”

“எனக்கென்ன தெரியும், என் முகத்தை நானா பார்க்கறேன். நீ தொட்டியில விழுந்து எழுந்தியே, அது ஞாபகம் வந்துது. அவ்வளவுதான். அதுக்கு மேல நான் சொன்ன பேச்சை அது கேட்கல.”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பா அழுகையா என்று இவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை, இரண்டும்தான். “இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணை நீங்க வாய்விட்டுச் சொன்னதில்ல. அதுக்கு ரெண்டு பீப்பாய் ஒயின் போகணும் போலிருக்கு,” என்றாள்.

மறுநாள் ஆய்வாளர் வந்து வீட்டு வாசலில் ஓர் அறிவிப்பை ஒட்டினார். நிராகரித்த ஒயினைப் பொதுமக்கள் முன்னிலையில் கொட்ட வேண்டும், காரணத்தையும் வெளிப்படையாக எழுத வேண்டும் என்பது விதி. மன்றம் ஒளிவுமறைவு இல்லாதது. பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: ‘இவ்வீட்டில் தயாரிக்கப்பட்ட சிவப்பு ஒயினை அருந்தியவர் முகத்தில் அளவுகடந்த மகிழ்ச்சி காணப்பட்டது. மறைக்க முயன்றும் முடியவில்லை. கண்ணீர் வந்தது. ஆகவே இது நாளைக் காலை இவ்விடத்தில் கொட்டப்படும்.’

தெருவில் போன முதல் ஆள் அதைப் படித்தார். திரும்பி வந்து இன்னொரு தடவை படித்தார்.

காலையில் தெரு கொள்ளவில்லை. சைக்கிள் கடைக்காரர் குவளையோடு வந்திருந்தார். கறிக்கடைக்காரர் ஒரு வாளி. டிப்போவிலிருந்து ஒரு கூட்டம். சலவைக்கடைக்குச் சட்டை கொடுக்கிறவர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். பீப்பாய்களை வாசலுக்கு உருட்டி வந்து குழாயைத் திறந்தபோது, சாக்கடைக்கும் குழாய்க்கும் நடுவில் சைக்கிள் கடைக்காரர் தன் குவளையை நீட்டினார்.

“என்ன செய்யறீங்க?” என்றார் ஆய்வாளர்.

“நீங்க கொட்டுங்க சார். நான் என் குவளையை எங்க தெருவுல வெச்சிருக்கேன்.”

ஆய்வாளர் விதியைப் புரட்டினார். கொட்ட வேண்டும் என்றிருந்தது, எதில் என்று இல்லை. அதற்குள் சைக்கிள் கடைக்காரர் குடித்துவிட்டார். மனைவி குழாயை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிரீஸ் படிந்த அந்த முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததை அவள் முழுசாகப் பார்த்தாள். அடுத்து கறிக்கடைக்காரர். அடுத்து டிப்போ ஆட்கள். ரொட்டி வேன்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டார், அவளுக்குப் பார்க்கிற வேலையே சரியாக இருந்தது.

ஆய்வாளர் போன் செய்ய, தலைவரும் செயலாளர் அம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். தலைவர் வெள்ளை வெளேரென்று சட்டை போட்டிருந்தார். படியில் ஏறி நின்று பேசினார்.

“பொதுமக்களே, ஏமாறாதீங்க. இது உங்களுக்கு இன்பம் கொடுக்கும். இன்பம் யார் வேணும்னாலும் கொடுப்பாங்க. முப்பது வருஷமா நான் லட்சக்கணக்கான ஒயினை வாயில வெச்சிருக்கேன். ஒரு சொட்டு விழுங்கினதில்ல. அந்தத் தியாகத்தை நீங்க நினைச்சுப் பார்க்கணும்.”

கூட்டம் நினைத்துப் பார்த்தது. சிலர் உச்சுக் கொட்டினார்கள்.

“பாவம், தாகமா இருக்கும்,” என்று சொல்லி மனைவி ஒரு கிளாஸை அவர் கையில் கொடுத்தாள். இத்தனை பேர் முன்னால் வேண்டாமென்றால் பயந்துவிட்டார் என்று ஆகிவிடும். தலைவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, முறைப்படி முகர்ந்து, முறைப்படி வாயில் வைத்துக் கொப்பளித்தார். பிறகு இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

“இங்க வாளி கிடையாதுங்க,” என்றாள் அவள்.

கறிக்கடைக்காரர் தன் வாளியை மார்போடு அணைத்துக்கொண்டார். அதில் அவர் பங்கு இருந்தது. தெரு முழுக்க ஆட்கள், பெண்கள், பெரியவர்கள். பட்டுத் துண்டு போட்ட மனிதர் நடுத்தெருவில் துப்ப முடியுமா? கன்னம் உப்பியபடி கொஞ்ச நேரம் நின்றார். வேறு வழி இல்லை. விழுங்கிவிட்டார்.

அது உள்ளே இறங்கிய பாதையை வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. முதலில் நெற்றி தளர்ந்தது. இன்ஷூரன்ஸ் செய்த மூக்கு சிவந்தது. முப்பது வருஷமாக ஒரு பக்கமாகவே இருந்த உதடு இரண்டு பக்கமும் போயிற்று. கடைசியில், சின்னப் பிள்ளை மாதிரி, தலைவர் பல் தெரியச் சிரித்தார்.

எதிரே செயலாளர் அம்மா வழக்கம்போல முகத்துக்கு நேராகத்தான் நின்றிருந்தார். வழக்கம்போலவே பென்சிலை எடுத்தார்.

“மலர்ச்சி,” என்றார். “அளவுகடந்தது.”

“நான் தலைவர்மா,” என்றார் தலைவர்.

“பேச்சைக் கணக்குல எடுத்துக்கறதில்லங்க,” என்றார் அவர். எழுதி முடித்தார். விதி அவருக்கு மனப்பாடம்: இப்படி மலர்கிறவர் நிபுணராக இருக்க முடியாது. மன்றத்தில் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம்தான். கைப்பையைத் திறந்து, மரப் பலகையை எடுத்து, தலைவர் கையில் கொடுத்தார்.

அவர் அந்தப் பலகையை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். காலிக் கிளாஸை நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?”

“வரிசையில வாங்க சார்,” என்றாள் அவள்.

வரிசை தெருமுனை திரும்பி, மன்றத்துக் கட்டிடத்தையும் தாண்டிப் போயிருந்தது. முன்னாள் தலைவர் அதன் ஓரமாகவே நடந்துபோய்க் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற சைக்கிள் கடைக்காரரின் தோளைத் தொட்டார்.

“நம்ம முறை வர்ற வரைக்கும் இருக்குமாங்க?” என்று கேட்டார்.

“சந்தேகம்தான்,” என்றார் சைக்கிள் கடைக்காரர். “குடிச்சவங்களே திரும்பி வந்து நிக்கறோம்.”